டெனிஸுக்குப் பாதி, ராஸுக்குப் பாதி

கடற்கரை விடுதி,
துணி துவைக்கும் அறை,
ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்த பிறகு.

மரியாதைக்குரிய டொரிகா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் உனாய்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, அண்ணன், பன்றிகள் இரண்டு, எல்லோரும் சுகம். சூவாவில் நீங்களும் மாமாவும் தையல் கடையும் அதிலுள்ள மூன்று மெஷின்களும் அவ்வாறே சுகமாயிருக்க இன்று காலை கோயிலில் கேட்டுக்கொண்டேன். அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். தேவலாம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று உங்களிடம் கேட்கும்படி அப்பா என்னிடம் சொன்னார்.

நிற்க. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் நினைப்பீர்கள். போன தடவை போனில் நீங்கள் "இருக்கியா, இருக்கியா" என்று கத்தினீர்கள். நான் இருந்தேன் அத்தை. ஒவ்வொரு கேள்விக்கும் புருவத்தைத் தூக்கி ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் புருவம் போகாது என்பது நீங்கள் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்காகவே பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். உங்களுக்குத் தெரியாததா.

விஷயம் இதுதான். நீங்கள் விடுதி மேனேஜர் மக்கெரெட்டா அக்காவிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை போய்விட்டது, அல்லது நாளை காலை ஒன்பது மணிக்குப் போய்விடும். புதன்கிழமைக் கப்பலில் வருகிறேன். கடையில் தையல் மெஷின் பக்கம் போகக்கூட வேண்டாம், பொத்தான் தைக்கிறேன், ஓரம் பிரிக்கிறேன். ஒரு பாய் போட இடம் இருந்தால் போதும். வேலை எப்படிப் போனது என்று வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து இமோஜென் என்று ஒரு மணப்பெண் வந்தாள். கல்யாணம் இங்கே நம் கடற்கரையில், நாற்பத்திரண்டு பேர் விமானம் ஏறி வருகிறார்கள், அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் வந்ததற்காக ஒரு பரிசு கொடுக்க வேண்டுமாம். வந்ததற்காக! நம் ஊரில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்தான் பாயும் துணியும் மண்ணெண்ணெய் டிரம்மும் சுமந்துகொண்டு போய் இறக்குவார்கள். இவர்கள் ஊரில் பரிசு கொடுக்காவிட்டால் யாரும் வர மாட்டார்களா, அல்லது இவ்வளவு தூரம் இழுத்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்பதா, எனக்கு அன்றைக்கு முழுக்க அதே யோசனை. மக்கெரெட்டா அக்கா சிப்பி மாதிரி செய்த சோப்பு, சின்னக் குப்பியில் மணல், சாவி மாட்டும் ஆமை எல்லாம் மேசையில் பரப்பினாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல யாரையும் நெனச்ச மாதிரி இல்லையே" என்றாள் அந்தப் பெண். நான் தண்ணீர் வைக்க வந்தவள், அவள் செருப்பு கடித்துக் குதிகாலில் ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டேன். பார்த்தால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் நனைத்த துணியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன். "இதத்தான் சொன்னேன். இவளே யோசிக்கட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் புருவத்தைத் தூக்கினேன். நான் எதற்கோ ஆச்சரியப்படுகிறேன் என்று நினைத்து அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். நான் மறுபடியும் தூக்கினேன். இப்படி நான்கு தடவை. கடைசியில் மக்கெரெட்டா அக்காதான், "அவ அப்பவே சரின்னுட்டாம்மா" என்றாள்.

அதன்பிறகு ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. அதைப் போல ஒன்றை நான் வாசித்ததே இல்லை அத்தை. பெவர்லி, முழங்கால் வலி, பாடப் பிடிக்கும். கிரெய்க், எதையும் தொலைத்துவிடுவார். ஃபெலிசிட்டி, சத்தம் ஆகாது, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள். முகம் தெரியாத நாற்பத்திரண்டு பேரும் ராத்திரி பகல் என் கூடவே இருந்தார்கள். கிரெய்க் எதைத் தொலைத்தார்? கல்யாணத்துக்கு வரும்போதும் தொலைப்பாரா? பெவர்லிக்கு அம்மா காய்ச்சிய எண்ணெய், கிரெய்க்குக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பனையோலைப் பை, ஃபெலிசிட்டிக்குப் பஞ்சுத் தலையணை. அம்மா, நான், பக்கத்து வீட்டுப் பெண்கள், எல்லோரும் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பின்னினோம். "இந்த கிரெய்க்குக் கல்யாணம் ஆயிடுச்சாடி?" என்று அவர்கள் கேட்காத நாளில்லை.

இரண்டு வரிகள் மட்டும் எங்களை நிறுத்திவிட்டன. "டெனிஸ், மணப்பெண்ணின் அம்மா. ராஸ் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம்." அதற்குப் பத்துப் பெயர் தள்ளி, "ராஸ், மணப்பெண்ணின் மாமா. இவரிடம் டெனிஸ் பெயரை எடுக்க வேண்டாம்." அம்மா வாசித்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. டெனிஸின் கூடப்பிறந்தவர்! பக்கத்தில் உட்கார மாட்டார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள், நேருக்கு நேர் பேச மாட்டார்கள். நம் வழக்கப்படி நானும் அண்ணனும் இருப்பதுபோல. எனக்குப் பத்து வயதானதிலிருந்து அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் பிடித்த மீனில் நல்லது எப்போதும் என் பக்கத் தட்டில்தான் இருக்கும். நீங்களும் அப்பாவும் இருப்பதுபோல. வெள்ளைக்காரர்களிலும் இவ்வளவு மரியாதையாக வளர்ந்த அண்ணன் தங்கை இருக்கிறார்களே என்று எனக்கு அந்த இரண்டு பேர் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாள் யோசித்தேன், இவர்களுக்கு ஒரு வாரம். அம்மா அடித்து வைத்திருந்த மரப்பட்டைத் துணியில் நல்லதாக ஒன்றை எடுத்து, கறுப்பிலும் செம்மண் நிறத்திலும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கொடி ஓடும்படி அச்சு வைக்கச் சொல்லி, காய்ந்ததும் கொடியின் நடுவில் இரண்டாக வெட்டினேன். டெனிஸுக்குப் பாதி, ராஸுக்குப் பாதி. பேசாமலே தெரிந்துகொள்வார்கள். நான் செய்ததில் அதுதான் உசத்தி என்று நினைத்தேன், கர்வம்தான், ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பத்திரண்டுக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டி இரண்டு அட்டைப்பெட்டியில் அடுக்கி, விடுதிப் படகுக்காகக் கரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்தது நான் காத்திருந்த படகு இல்லை. தோகாவை ஊர் ரக்பி அணி, இருபத்தொரு பேர், நம் ஊர்ப் பையன்களோடு விளையாட வந்து இறங்குகிறார்கள். தோகாவைக்காரர்கள் நமக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. தவுவு! அவர்கள் மூதாதையும் நம் மூதாதையும் உறவு, அதனால் அவர்கள் நம் வீட்டில் எதையும் கேட்காமல் எடுக்கலாம், என்ன வேண்டுமானாலும் திட்டலாம், நாம் சிரிக்க வேண்டும், கோபம் வந்தால் நமக்குத்தான் வெட்கக்கேடு. அவர்கள் கேப்டன் எமோரி, அலமாரி மாதிரி இருப்பான், பெட்டிகளைப் பார்த்தான்.

"டேய், இந்த ஊர்க்காரங்க திருந்திட்டாங்கடா. நாம வர்றோம்னு பரிசெல்லாம் கட்டி, கரையிலேயே கொண்டாந்து வச்சிருக்காங்க" என்றான்.

நான் இல்லை என்று சொன்னேன். மனதுக்குள் சத்தமாகத்தான் சொன்னேன்.

"பேரு வேற எழுதியிருக்கு. நான் யாரு, டெனிஸா? சரி, நான் டெனிஸ்" என்று அந்தப் பாதித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பெயர்ச்சீட்டைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டான். ராஸின் பாதி போனிபாட்டே என்று ஒருவன் இடுப்புக்குப் போனது. "இதப் பாருடா, ஒரே துணிய நறுக்கி வச்சிருக்கா. முழுத்துணிக்கு வக்கில்லாத ஊரு" என்றான் அவன். தலைக்கு இரண்டு வீதம் ஐந்து நிமிடத்தில் இரண்டு பெட்டியும் காலி. நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். அப்பா பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "தவுவும்மா. நான் என்னத்தச் சொல்ல?" என்று எல்லோரையும் டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். எடுத்தவர்களுக்கே டீ. நான்தான் ஊற்றினேன்.

காலிப் பெட்டியோடு விடுதிக்குப் போனேன். மக்கெரெட்டா அக்காவிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு மூணு மணிக்குக் கல்யாணம். பரிசு வரணும். வரலன்னா திங்கக்கெழம உன் யூனிஃபார்மத் தொவச்சு ஆபீஸ்ல வச்சிட்டுக் கெளம்பு." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தவுவுகிட்ட எப்படிக்கா திருப்பிக் கேக்கிறது?" என்றேன். "கேக்க முடியாதுதான். ஆனா அவங்க ஒனக்கும் தவுவுதானே? கேக்காத. எடு."

அத்தை, அதை நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருஷமாக அவர்கள் எடுப்பது, நாம் சிரிப்பது, இப்படியே பார்த்துப் பழகிவிட்டது. ஆனால் நாற்பத்திரண்டு பொருளை எடுக்க வேண்டுமென்றால் இருபத்தொரு ஆண்களிடம் நாற்பத்திரண்டு தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் எதிர்க்கேலி பேச வேண்டும். ஊருக்குத் திரும்பி, அவர்கள் மேட்ச் முடிந்து சாப்பிடும் மண்டபத்தை மூன்று தடவை சுற்றி வந்தேன். உள்ளே பார்த்தால் பெவர்லி எண்ணெய் பாதி ஒருவன் முழங்காலில் மினுங்குகிறது, ஃபெலிசிட்டி தலையணையில் ஒருவன் குறட்டை விடுகிறான். மூன்றாவது சுற்றில்தான் தோன்றியது. பொருளை எடுத்தால் நாற்பத்திரண்டு தடவை பேச வேண்டும், ஆளை எடுத்தால் ஒரே தடவை.

உள்ளே போய் நடுவில் நின்றேன். மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்த எல்லோரும் அப்படியே பார்க்கிறார்கள். "உங்கள எடுத்துக்கிறேன்" என்றேன். எமோரி, "யாருடா பேசினது?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தான். "நான்தான். இருபத்தொரு பேரையும் எடுத்துக்கிறேன். நாளைக்கு மூணு மணிக்கு விடுதிக்கு வரணும், குளிச்சிட்டு வரணும். எவன் யாரு பேர மாட்டியிருக்கானோ அவன் அந்த ஆளத் தேடி அவங்க கையில குடுக்கணும். சும்மா வைக்கக் கூடாது. நல்ல வார்த்தை சொல்லிக் குடுக்கணும். குறட்ட விடறவனையும் எழுப்பிச் சொல்லிடுங்க." அவ்வளவுதான். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். "ஊமைன்னு நெனச்சமே. இவளக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றான் எமோரி. அது சம்மதம்தான். வெளியே வந்து ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று வந்தார்கள். குளித்து, இடுப்பில் சுலுத் துணி கட்டி, காதில் பூ வைத்து, பெயர்ச்சீட்டோடு. அத்தை, அந்த அரை மணி நேரம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய்க்காரன் பெவர்லி முன் மண்டியிட்டு, "அம்மா, பாதிய நான் தேச்சிட்டேன், நல்லாக் கேக்குது, மீதிய நானே தேச்சுவிடறேன்" என்று அந்த அம்மாள் முழங்காலை நீவிவிட, அவர் பாடவே ஆரம்பித்துவிட்டார். கிரெய்க் தன் பையை வாங்கிய பத்து நிமிடத்தில் தொலைத்துவிட்டு அதைக் கொடுத்தவனோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார். ஃபெலிசிட்டி தூங்கிக்கொண்டிருந்தாள், கொண்டுவந்தவன் தலைக்கடியில் தலையணையை மெல்ல நுழைத்துவிட்டுப் போனான். பட்டியலில் ஒரு வரியாக இருந்தவர்களெல்லாம் நடக்கிறார்கள், வியர்க்கிறார்கள், நான் நினைத்ததைவிட உயரமாக இருக்கிறார்கள். நான் சமையலறைக் கதவிடுக்கில் நின்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். மக்கெரெட்டா அக்காகூட என் தோளைத் தட்டினாள்.

அப்போதுதான் எமோரியின் குரல். "என் டெனிஸ் எங்க? டெனிஸ்!" இன்னொரு மூலையில் போனிபாட்டே, "ராஸ்! ராஸ் யாருப்பா?" இருவரும் ஆளைப் பிடித்து, கையைக் கோத்து, நடு மேசைக்கே கூட்டிவந்துவிட்டார்கள். எமோரி இரண்டு பாதியையும் மேசையில் விரித்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்தான். கொடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடியது. "ரெண்டு பேருக்கும் ஒரே பரிசு. இவரு உங்களுக்கு யாரும்மா, அண்ணனா? மூக்கு அப்படியே இருக்கு" என்றான். அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. ராஸ் தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். பாட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சாப்பிடப் போவதற்காகத்தான் நிறுத்தினார்கள், ஆனால் அந்த நேரம் பார்த்தா நிறுத்த வேண்டும். டெனிஸ் தன் பாதியைச் சுருட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். இமோஜென் தலையில் பூவோடு அழுதாள்.

மக்கெரெட்டா அக்கா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லடி. அவங்க அம்மா வீட்ட அண்ணன் கேக்காம வித்துட்டாராம். அதனாலதானே தள்ளித் தள்ளி உக்காரவைக்கச் சொன்னாங்க. உன்ன யாரு வெட்டச் சொன்னது?"

"மரியாதையில்லையாக்கா?" என்றேன்.

நேற்றிலிருந்து இதே யோசனைதான் அத்தை. அவர்கள் பக்கத்தில் உட்காருவதில்லை, நானும் அண்ணனும் உட்காருவதில்லை. அவர்கள் பெயர் சொல்வதில்லை, நாங்களும் சொல்வதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கிறது. உள்ளே இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்று கேட்கட்டுமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் அப்பாவும் பேசாமல் இருப்பது மரியாதையால்தானே? நான் இதுவரை கேட்டதே இல்லை.

இன்று கோயிலுக்குப் போய்வந்து பார்த்தால் இந்த அறைக் கதவில் ஒரு சீட்டு. "திங்கள் காலை ஒன்பதுக்கு ஆபீஸுக்கு வா. மக்கெரெட்டா." யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், இஸ்திரியும் போட்டு மரியாதையாகவே கொடுப்பேன். எமோரி நாளை மதியம் சூவா போகிறானாம், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் உங்களுக்கென்று நான் பின்னிய விசிறியையும் கொடுத்தனுப்புகிறேன். அவன் கையில் கொடுப்பது சரியில்லைதான், வேறு ஆள் இல்லை. கடையில் உங்கள் மெஷினுக்கு மேலே காற்று வராது என்று சொல்வீர்களே, அதனால் கைப்பிடியை நீளமாக வைத்து, தைக்கும்போது கழுத்தில் உறுத்தாதபடி ஓரத்தில் துணி மடித்திருக்கிறேன். நாற்பத்து மூன்றாவது பரிசு அது. இதையாவது சரியாக யோசித்தேன் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஊசிகள் முறியாமலும் உங்கள் கால்கள் வீங்காமலும் ஆண்டவர் காக்கட்டும். புதன்கிழமை துறைமுகத்தில் நான் தெரியாவிட்டால் எல்லோரும் இறங்கிய பிறகு பாருங்கள், கடைசியாக இறங்குவேன்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள,
உனாய்சி

பின்குறிப்பு (திங்கள், பதினொரு மணி): துறைமுகத்துக்கு வர வேண்டாம். பாயையும் எடுத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு நான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த டெனிஸ் அம்மாள் பாதித் துணியோடு இந்த அறைக்கு வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அந்த ராஸ் தன் பாதியோடு வந்தார். இதைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று இருவருமே கேட்க வந்தவர்கள். கஞ்சி வைத்து அம்மா ஒட்டுவாள் என்றேன். "ஒட்டினா யார்கிட்ட இருக்கும்?" என்றார் ராஸ். "என்கிட்டதான். உன்கிட்ட இருந்தா வித்துருவ" என்றார் டெனிஸ். "உன் வீட்டு ஈரத்துல பூஞ்ச புடிச்சிரும்" என்றார் அவர். அங்கே ஆரம்பித்து, சாப்பாட்டு மேசை வழியாக, கடற்கரை முழுக்க, இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார்கள், கை நீட்டி, தொண்டை கட்ட. இமோஜென் மறுபடியும் அழுகிறாள், இது வேறு அழுகையாம். கடைசியில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவானது. தபாலில் அனுப்பிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மடித்தால் கொடி வெடித்துவிடும், கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மடித்தால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள். ஆபீஸில் மக்கெரெட்டா அக்கா அடுத்த மாதக் கல்யாணத்துப் பட்டியலைக் கையில் கொடுத்தாள், "புரியாத வரிய எங்கிட்டக் கேட்டுட்டு அப்புறம் கத்தரியத் தூக்கு" என்றாள். புருவத்தைத் தூக்கினேன்.

விசிறி உங்களுக்கு வராது. கடிதம் வாங்க வந்த எமோரி அதைப் பார்த்துவிட்டான், எடுத்துக்கொண்டான், இப்போது கரையில் நின்று வீசிக்கொண்டிருக்கிறான். நான் சிரித்தேன். பிறகு எம்பி அவன் தொப்பியை எடுத்துக்கொண்டேன். இத்துடன் இருப்பது அதுதான். சோப்புப் போட்டு அலசியிருக்கிறேன், கொஞ்சம் ஈரம் இருக்கும். உங்களுக்குப் பெரிதாக இருந்தால் அப்பாவுக்கு அனுப்புங்கள். உங்கள் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாலும் சரி.